லித்தியம் தைராய்டை ஏன் தொடுகிறது? அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தை,

உங்கள் பிள்ளை சாப்பிடும் லித்தியம் மாத்திரையைப் பற்றி நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். "மூளைக்குக் கொடுக்கிற மாத்திரை கழுத்தில் இருக்கிற தைராய்டை எதுக்குத் தொடுது? விஷம்தானே அது, நிறுத்திடட்டுமா?" என்றீர்கள். மருத்துவ மாணவர்களுக்கு நான் நடத்துகிற பாடம்தான் இது. ஆனால் கேட்டது நீங்கள் என்பதால் நாக்கு புரளவில்லை. மனம் வெறியோட்டத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இதே கேள்வி ஓடுகிறது. அதனால் உங்கள் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் பழைய வெறியோட்டம் வேகமாகத் திரும்பி வரும், தற்கொலை ஆபத்தும் கூடும். தைராய்டை வேலை செய்யச் சொல்லும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் ரிப்போர்ட்டில் கொஞ்சம் ஏறியதற்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

உடம்பில் செல்களுக்குச் செய்தி சொல்லும் பொருள்கள் பல உண்டு. மூளையில் செரட்டோனின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்கு வாசோப்ரெஸின். இவை பெரும்பாலும் செல்லுக்குள்ளே போவதில்லை. வாசலில் காலிங் பெல்லை அழுத்துகிற ஆள் மாதிரி வெளியே நின்றுவிடும். உள்ளே ஓடுவது மணிச் சத்தம் மட்டும்தான். அப்படி உள்ளே ஓடுகிற சத்தங்களில் இரண்டு முக்கியமானவை: சைக்ளிக் ஏ.எம்.பி., இன்னொன்று செல்லில் இருக்கும் இனோசிட்டால் என்ற பொருளில் இருந்து உண்டாகும் ஐ.பி.3. லித்தியம் இந்த இரண்டையும் அடக்குகிறது. பயன்படுத்திய இனோசிட்டாலை மறுபடி தயாராக்கும் நொதியை அது தடுக்கிறது. நரம்பு செல் அதிகமாகக் கத்தினால் இருப்பு சீக்கிரம் தீரும், சத்தம் தானாகக் குறையும். அமைதியாக இருக்கும் செல்லுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. மனநிலை ஏன் சமநிலைக்கு வருகிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். ஜி.எஸ்.கே.-3 என்ற இன்னொரு நொதியையும் லித்தியம் பிடித்து வைக்கிறது; முக்கியமானது எது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதே மணிகள் கழுத்திலும் இடுப்பிலும் உண்டு. மாத்திரைக்கு முகவரி தெரியாது, ரத்தம் போகும் இடமெல்லாம் போகும். தைராய்டில் லித்தியம் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகச் சேர்கிறது. செய்து வைத்த ஹார்மோனை வெளியே விடும் வேலையை அது மந்தமாக்குகிறது. ஹார்மோன் குறைவதைப் பார்த்த, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச்.சைக் கூட்டி இன்னும் பலமாக பெல் அடிக்கிறது. அவனுடைய ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த எண் அந்தச் சத்தம்தான். இது பெண்களிடம் இன்னும் அதிகம் வரும். தேவைப்பட்டால் தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரை சேர்ப்பார்கள், லித்தியம் பெரும்பாலும் அப்படியே தொடரும். நீங்களே பல வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறீர்களே, அதே மாத்திரை!

சிறுநீரகக் கதையும் இதுதான். தண்ணீரைத் திருப்பி உறிஞ்சச் சொல்லும் வாசோப்ரெஸினின் குரல் செல்லுக்குள் சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் அவன் ராத்திரியில் எழுந்து எழுந்து போகிறான், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். "சர்க்கரை வந்துடுச்சோ" என்று பயந்தீர்கள். சர்க்கரைக்கு ஒரு முறை பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் முதல் சந்தேகம் லித்தியத்தின் மேல்தான். அவன் குடிக்கிற தண்ணீரை அளந்து குறைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னாலேயே இருக்கும் பாராதைராய்டு சுரப்பியையும் லித்தியம் சீண்டும். ரத்தத்தில் கால்சியம் பார்ப்பது அதற்காக.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது உங்கள் சமையலறையைப் பற்றித்தான். மாமாவுக்கு பி.பி. வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் உப்பைக் குறைத்துவிட்டீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் லித்தியமும் சோடியமும் சிறுநீரகத்துக்கு ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும். உப்பு குறைந்தால் அது சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், வெறி பிடித்தாற்போல இருந்த நோயாளிகள் லித்தியத்தால் அமைதியானதை எழுதி வெளியிட்டார். அதே வருஷம் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்று, சிலர் இறந்தே போனார்கள். அந்தப் பயத்தால் அந்த நாடு லித்தியத்தை மருந்தாக அங்கீகரிக்க 1970 ஆயிற்று.

அதனால் அவன் தட்டில் உப்பு பழையபடியே இருக்கட்டும், திடீர் மாற்றம் வேண்டாம். வெயிலில் வேர்த்துக் கொட்டினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ லித்தியம் ஏறும்; அன்றே டாக்டருக்கு போன் போடுங்கள். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும்போது, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9-க்கு ரத்தம், அதற்கப்புறம்தான் காலை மாத்திரை. மாத்திரை போட்ட கையோடு போனால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கச் சொல்வார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. நல்லது செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி இவ்வளவு குறைவு. மாத்திரை தொடங்கிய அன்றே இதை உங்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஓ.பி. கூட்டம் எனக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், மூட்டு வலிக்கு நீங்கள் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிற டைக்ளோஃபெனாக் அட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். அதுவும் லித்தியத்தை ஏற்றும். அவனுக்குத் தலைவலி என்றால் பாராசிட்டமால் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்