போராட்டப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு போராட்டப் படம் பார்த்துவிட்டு வந்த ஆற்றாமையில் எழுதுகிறேன். எந்தப் படம் என்று சொல்லப்போவதில்லை, இது ஒரு படத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. மாணவர்கள் திரள்கிறார்கள், நாயகன் பேசுகிறான், கூட்டம் கொந்தளிக்கிறது. நாயகி தண்ணீர் பாக்கெட் கொடுக்கிறாள், அவன் பேசுவதைக் கண்கலங்கப் பார்க்கிறாள், தடியடியில் அவன் விழுந்ததும் ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அவ்வளவுதான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நடந்த போராட்டத்தில் நானும் இருந்தேன். அங்கே எங்களுக்கு முதல் கஷ்டம் போலீஸ் இல்லை, கழிப்பறை. அதற்குப் பயந்தே நாள் முழுக்கத் தொண்டை வறளக் கோஷம் போட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க யோசிப்போம். ராத்திரி நாலைந்து பெண்களாகச் சேர்ந்து செல்போன் வெளிச்சத்தில் பக்கத்துக் குப்பத்துக்கு நடப்போம். அங்கே மீன் விற்கிற ஓர் அக்கா எங்கள் பேரைக்கூடக் கேட்டதில்லை. பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா, நான் வாசல்ல நிக்கிறேன்" என்பார். 23ஆம் தேதி போலீஸ் எங்களை அடித்து விரட்டியபோது கதவைத் திறந்துவிட்டதும் அந்தக் குப்பத்துப் பெண்கள்தான். அன்றைக்கு நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது, அங்கே கடை போட்டிருந்த பெண்களின் பிழைப்பும் அதோடு போனது. அந்த அக்காவை இதுவரை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

போராடுகிற பெண்களை இப்படிக் காட்டாமல் விடுவது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 1938 இந்தி எதிர்ப்பில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருந்தார், அப்போது அவருக்கு 55 வயது. அந்தப் போராட்டத்தில் 73 பெண்கள் சிறைக்குப் போனார்கள், அவர்களோடு 32 குழந்தைகளும் போனார்கள். ஆனால் அதே காலத்துப் பாட்டிலும் மேடையிலும் மொழி என்பது கண்ணீர் விடும் ஒரு தாய், காப்பாற்ற வேண்டியவர்கள் மகன்கள்! கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவள் கண்ணெதிரே இருக்கும்போதே அழுகிற அம்மாவைத்தான் நமக்குப் பிடித்திருந்தது. நாடே கொந்தளிக்கிற நேரத்திலும் வீட்டில் எல்லாம் பழையபடி இருக்கவேண்டும் என்ற ஆசைதான் அது. நீங்கள் இன்னும் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். போராட்டத்தைப் படமாக்கினால், அதில் ஒரு பெண் முடிவெடுக்கிற ஒரு காட்சி வையுங்கள். போகலாமா இருக்கலாமா என்று அவள் சொல்லி கூட்டம் கேட்கட்டும்.

மற்ற படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபம்தான் வருகிறது. எதிர்த்துப் பேசுகிற பெண் வந்தாலே திமிர் பிடித்தவள், இடைவேளைக்குள் நாயகன் அவளுக்கு அடக்கம் சொல்லித்தரவேண்டும், தியேட்டரில் விசில் பறக்கவேண்டும். அந்த விசிலைக் கேட்டு வளர்கிற பையன்தான் நாளைக்குப் போராட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மைக்கை இங்க குடும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறான். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் படங்களை முதல் நாளே வரிசையில் நின்று பார்க்கிறவள்தான் நான். தயவுசெய்து அடுத்த கதையில் அந்த ஒரு காட்சியை எழுதுங்கள். அந்த அக்காவிடம் பேசவேண்டும் என்றால் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
மெரினாவில் இருந்தவர்களில் ஒருத்தி