டர்பன் வீடுகளில் தனிக்குவளை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வைப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் சில வாரங்களாகக் கடிதங்கள் வருகின்றன. அதில் ஒரு வாசகர், இதெல்லாம் நம் ஊரோடு சரி, கடல் தாண்டிப் போன தமிழர் வீடுகளில் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்து, தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில், ஜிக் ப்ளீச் பாட்டிலுக்கும் சன்லைட் சோப்புக் கட்டிக்கும் நடுவில், நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் குவளை ஒன்று போன வருஷம் வரைக்கும் இருந்தது. கைப்பிடி ஓரம் எனாமல் பெயர்ந்து கறுத்துப்போன குவளை. யாருடையது என்று நான் சொல்லவே வேண்டியதில்லை.

நான் கல்யாணமாகி வந்தபோதே அது அங்கே இருந்தது. வைத்தவர் மாமியார், எடுக்காதவள் நான். பாட்டி வீட்டுக் கொல்லையில் கொட்டாங்கச்சி தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இங்கே சாதிப் பேச்சு குறைவு, கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் சாதியில் பாதியைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள் என்பார்கள். சரி, போட்டிருக்கலாம், ஆனால் காலியான இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டால் சுத்தத்துக்காக என்று பதில் வரும். வேலைக்கு வரும் கறுப்பினப் பெண் பிசைந்து கொடுத்த ரொட்டியைச் சாப்பிடுகிறோம், பிள்ளையை அவரிடம் குளிப்பாட்டக் கொடுக்கிறோம், அப்புறம் டீ குடிக்கும்போது மட்டும் என்ன சுத்தம்?

அவர் கறுப்பினத்தவர் வாழும் உம்லாசியிலிருந்து, இங்கே டாக்ஸி என்று சொல்லும் மினி பஸ் இரண்டு மாறி, வாரம் மூன்று நாள் வருகிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எங்கள் தெருவில் ஐம்பது வயதுப் பெண்ணையும் 'எங்கள் கேர்ள்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவருக்கு மேரி என்று பெயர். அது அவர் பெயர் இல்லை என்பது எனக்கு 2020-ல்தான் தெரியும். அந்த வருஷம் மார்ச் 27-ம் தேதி ஊரடங்கு போட்டதும் வேலை நின்றது. யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பெயர் இருந்தவர்களுக்கு அதன் வழியாக உதவிப் பணம் போனது, அவர் பெயர் அதில் இல்லை. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் வேலை செய்தால் பதிவு செய்யவேண்டியது முதலாளியின் பொறுப்பு, அந்த முதலாளி நான். வெட்கத்தோடு பிறகு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அவருடைய அடையாள அட்டையை முதல்முறையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். அழகான சூலு பெயர், 'நன்றி சொல்கிறோம்' என்று பொருளாம். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, பத்திரிகையில் போட அவரிடம் நான் கேட்கவில்லை.

மேரி என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, முன்னால் வேலை பார்த்த வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், உங்களுக்கும் வாயில் நுழைய வேண்டுமே என்றார். இதைக் கேட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்காமல் போனதுதான் ஆச்சரியம். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியர்களுக்கு மேல் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில், டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தார்கள், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. முனுசாமி, ராமசாமி, கோவிந்தசாமி என்று எத்தனை பெயர் இருந்தாலும் வெள்ளைக்காரர்களுக்கு ஆண்கள் எல்லோரும் 'சாமி', பெண்கள் எல்லோரும் 'மேரி'. மாமியாரே இந்தக் கதையைக் கோபத்தோடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, "மேரி, டீ போடு" என்பார்.

பெயரைத் திருத்திக்கொண்டோம், பதிவும் செய்தேன். குவளை மட்டும் அங்கேயே இருந்தது.

போன ஆடியில் வீட்டில் கூழ் ஊற்றினோம், இங்கே பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள். விடியற்காலையிலிருந்து பெரிய தேக்சாவில் கட்டி தட்டாமல் துடுப்புப் போட்டுக் கிண்டியது அவர்தான், நான் வெங்காயம் நறுக்கினேன், மாமியார் வேப்பிலை கட்டினார். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். காகிதக் கப் தீர்ந்துபோய், வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் எடுத்துவந்து வைத்தோம். வரிசையில் அவருடைய முறை வந்தபோது பார்க்கிறேன், கையில் அந்தக் குவளை. யாரும் எடுத்துவரச் சொல்லவில்லை. முன்னால் பத்து டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறது, அவராகவே உள்ளே போய்த் தொட்டிக்கடியில் குனிந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். நான் என்ன செய்தேன்? ஊற்றினேன். ஊற்றிவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் அளக்க மாட்டேன், அலுப்பில் நன்றாகவே தூங்கினேன். மறுநாள் காலையில் அந்த அலமாரியைத் திறந்தபோதுதான் வயிற்றை என்னவோ செய்தது.

இங்கே பல வீடுகளில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "அவள் எங்கள் வீட்டு மனுஷி மாதிரி." எனக்கு இப்போது பயம் தரும் வாக்கியம் அதுதான். வீட்டு மனுஷிக்கு எதற்குச் சட்டக்கூலி, எதற்கு லீவு, பழைய சட்டையும் மிச்சப் பிரியாணியும் கொடுத்துவிட்டால் போதாதா என்று அது கொண்டுபோய் விடுகிறது. பிரிட்டோரியாவில் 2012-ல் மரியா மஹ்லாங்கு என்ற பார்வை குறைந்த பெண், தான் 22 வருஷம் வேலை பார்த்த வீட்டின் நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்துபோனார். வேலையில் இறந்தவர்களுக்கான நஷ்டஈட்டுச் சட்டத்தில் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்கவே இல்லை. அவர் மகள் வழக்காடி, 2020 நவம்பரில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது.

கூலி கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசிய குறைந்தபட்சக் கூலி 2019-ல் வந்தபோது வீட்டு வேலைக்கு அதில் முக்கால் பங்குதான் வைத்தார்கள், 2022 மார்ச்சில்தான் மற்றவர்களோடு சமமாக்கினார்கள். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, எட்டு மணி நேரத்துக்கு 230 ராண்டு. அதுவும் வாழப் போதாத கூலி, டாக்ஸிக்கே ஒரு பங்கு போய்விடும். யு.ஐ.எஃப்.-க்கு முதலாளி கட்டவேண்டியது நூற்றுக்கு ஒன்று, அந்தக் கூலிக்கு என் கணக்கில் மாதம் முப்பது ராண்டுக்குள். சனிக்கிழமை வாங்கும் கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு நிரப்பிய பன்னி சௌவில் பாதி விலைகூட இல்லை. பென்ஷனில் வாழும் வயசாளிகளின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, என் மாமியாரின் அக்காவே அப்படித்தான். அவரிடம் நான் சொன்னது, மூன்று நாளை ஒரு நாளாக்குங்கள், அந்த ஒரு நாள் கூலியை முழுசாகக் கொடுங்கள் என்று. என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கறுப்பினத்தவர்களை எப்படி நம்புவது என்று கேட்கிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு. இந்தியர்கள் அதிகம் வாழும் டர்பன் ஃபீனிக்ஸில் அப்போது போன உயிர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவருடையவை என்பதை அப்படிக் கேட்கிறவர்கள் ஒருமுறை யோசித்தால் நல்லது. அந்த வாரம் எங்களுக்குப் பாலும் ரொட்டியும் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டது உம்லாசியிலிருந்துதான்.

குவளை என்ன ஆனது என்று கேட்பீர்கள். குப்பையில் போடப் போனேன், அவர் தடுத்துவிட்டார். உங்கள் டம்ளரில் டீ இரண்டு வாய்க்குத்தான் வருகிறது, இது பெரிசு, எனக்கு இது வேண்டும் என்றார். இப்போது அது எல்லாக் கப்புகளோடும் மேல் அலமாரியில் இருக்கிறது, நானும் அதில்தான் சில நாள் ரூயிபோஸ் டீ குடிக்கிறேன். மாமியார் அந்த அலமாரியைத் தொடுவதில்லை. தனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கழுவித் தன் அறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

பெயர் வெளியிட வேண்டாம். மாமியாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவர் தங்கை மகளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்