பியானோ கட்டத்துக்குள்ள தோடி காந்தாரம் அடங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மியூசிக் சாஃப்ட்வேர் பத்தி பேப்பர்லயும் சரி யூடியூப்லயும் சரி, யார் பேசினாலும் எத்தனை சவுண்டு இருக்கு, விலை என்ன, எந்த லேப்டாப்ல ஓடும்னு சொல்லி முடிச்சுக்கறாங்க. நாள் பூரா நாங்க முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கிற அந்த ஸ்கிரீன் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கறதே இல்ல. பக்திப் பாட்டும் கடை விளம்பரமும் வீட்டுலயே பண்ணித் தர்றவன் நான், பாதி நேரம் அந்த ஸ்கிரீனோட மல்லுக்கட்டறதுலதான் போகுது.

மொதல்ல பியானோ ரோல், அதாவது சுரங்களைக் கட்டம் கட்டமா போடற ஸ்கிரீன். நூறு வருஷத்துக்கு முன்னாடி தானா வாசிக்கிற பியானோவுக்குள்ள ஓட்டை போட்ட பேப்பர் சுருளை மாட்டுவாங்க, கிட்டத்தட்ட அதையேதான் கம்ப்யூட்டர்ல குடுத்திருக்காங்க. ஒரு சுரத்துக்கு ஒரு கட்டம். பியானோவுக்கு அது போதும், கட்டையை அமுக்கினா சுரம் அசையாம நிக்கும். நம்ம தோடி ராகத்துல வர்ற காந்தாரம் நிக்குமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருந்தாதானே அது தோடி. ஸ்கிரீன்ல பாத்தா ஒரே ஒரு நீளக் கட்டம் கெடக்கு. ஆட்டம் எல்லாம் கீழ பிட்ச் பெண்டுன்னு (சுரத்தை மேல கீழ வளைக்கிறது) தனியா ஒரு பட்டையில, அதுவும் சுரமா காட்டாது, மைனஸ் 8192ல இருந்து பிளஸ் 8191 வரைக்கும் வெறும் நம்பர். அந்த நம்பருக்கு எவ்வளவு தூரம் ஏறும்ங்கறது சவுண்டைப் பொறுத்தது, பெரும்பாலும் மேல கீழ 2 செமிடோன் (பியானோல ஒரு கட்டையில இருந்து அடுத்த கட்டைக்கு ஒரு செமிடோன்), அதை நம்பி நாதஸ்வரத்துக்கு கஷ்டப்பட்டு வரைஞ்ச கோட்டை 12 செமிடோன் செட் பண்ணின வேற சவுண்டுக்கு மாத்துங்க, மத்யமத்தைத் தொட்டுட்டு வர வேண்டியது மேல் ஸ்தாயி காந்தாரத்துக்குப் போய் அலறும்.

முடியாத காரியம்னா விட்டுடலாம். 2001லயே வந்த மெலோடைன்ங்கற சாஃப்ட்வேர்ல பாடினதைப் போட்டா குரல் எப்படி வளைஞ்சு போச்சுன்னு கோடா தெரியும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியா வளைக்கிற எம்பிஇ முறையை 2018ல மிடி (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற மொழி) ஸ்டாண்டர்டுல சேத்தாச்சு. ஏபிள்டன் லைவ் 11ங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல கட்டத்து மேலயே வளைவை வரையலாம், ஆனா எம்பிஇ தெரிஞ்ச சவுண்டா இருக்கணும், நம்ம கையில இருக்கிற பழைய வீணை, நாதஸ்வர சவுண்டுக்கெல்லாம் அது எங்க இருக்கு.

அடுத்து இந்த நாப், அதாவது திருகற குமிழ். இதுவும் பழைய மெஷினைப் பாத்து காப்பி அடிச்சதுதான். அசல் மிக்சர்ல ரெண்டு விரலால பிடிச்சுத் திருகுவோம், மவுஸை வெச்சு எப்படித் திருகறது? ஒரு பிளகின்ல (மெயின் சாஃப்ட்வேருக்குள்ள சேத்துக்கற குட்டி சாஃப்ட்வேர்) மேல கீழ இழுக்கணும், இன்னொண்ணுல வட்டமா சுத்தணும், ரெண்டையும் ஒரே பாட்டுல போட்டா கை குழம்பிடுது. ஸ்க்ரூ, துரு, மரச்சட்டம் எல்லாம் தத்ரூபமா வரைஞ்சிருப்பாங்க, எத்தனை டெசிபல்ங்கற எழுத்து மட்டும் கண்ணுல படாது. (ரீசன்ங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல டேப் கீயைத் தட்டினா கருவிகளை அடுக்கின ரேக் திரும்பி பின்னாடி ஒயரெல்லாம் ஆடும், அது எனக்குப் பிடிக்கும், எந்த ஒயர் எங்க போகுதுன்னு தெரியுதே.)

நம்ம ஊர் பசங்க மொபைலுக்கு மியூசிக் ஆப் பண்ணும்போதும் அதே கட்டத்தையும் அதே நாபையும்தான் போடறாங்க. வளைவுக் கோடு மொதல்ல வரட்டும், பக்கத்துல ஸ ரி க ம போடுங்க, கட்டம் வேணும்ங்கறவங்க அப்புறம் மாத்திக்கட்டும். நீங்களும் அடுத்த தடவை இந்த மாதிரி ஆப்புக்கு விமர்சனம் போடும்போது அதுல ஒரு கம்பிதம் (சுரத்தை ஆட்டற கமகம்) வரைய எத்தனை கிளிக் ஆகுதுன்னு எண்ணிப் பாத்து எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ஹோம் ஸ்டூடியோக்காரன்,
கும்பகோணம்