கருப்பு மை வாங்கப் போகும் பெற்றோருக்கு: விலை குறைந்த பாட்டிலே போதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகள் இங்க் பேனாவில் எழுதப் போகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து வாசலில் நிறுத்தியும் போனிலும் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த மை வாங்குவது? சில வீடுகளில் பிள்ளை அடம்பிடித்து, கடைக்காரர் காட்டியதிலேயே விலை கூடிய பாட்டிலை வாங்க வைத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். வாங்கியவர்கள் வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. இன்னும் வாங்காதவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பதில் சுருக்கமானது. ஸ்டேஷனரி கடையில் 50 ரூபாய்க்குள் கிடைக்கும் 60 மில்லி கருப்பு மை போதும். சாதாரண பேனா ஒன்றில் ஒரு தடவைக்கு 2 மில்லி போல மை பிடிக்கும், அப்படியானால் ஒரு பாட்டிலில் முப்பது தடவை நிரப்பலாம், ஒரு பிள்ளைக்கு இந்தக் கல்வியாண்டு ஓடிவிடும்.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் நானும் சேர்ந்து மூன்று மைகளை எடுத்துக்கொண்டோம்: கடையில் கிடைத்ததிலேயே விலை குறைந்த கருப்பு, நடுத்தர விலையில் ஒன்று, ஆயிரம் ரூபாயைத் தாண்டிய வெளிநாட்டு மை ஒன்று. பாட்டில் பெயர்களை மறைத்து க, ங, ச என்று சீட்டு ஒட்டி, ஒரே மாதிரி பேனாக்களில் நிரப்பி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே எழுதக் கொடுத்தோம். எந்தக் கம்பெனியின் மை என்று இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிக் கடிதம் ஒரு கம்பெனிக்கு விளம்பரம் ஆகக் கூடாது.

கருமை எப்படி என்று முதலில் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலிவான மை கொஞ்சம் சாம்பல் தட்டுகிறது, குறிப்பாக மெல்லிய நிப்பில். ஆனால் விடைத்தாள் திருத்தும் தூரத்தில் வைத்துப் படித்தபோது எங்கள் மூவராலும் எது எந்த மை என்று சொல்ல முடியவில்லை. அறிவியல் ஆசிரியர் வடிதாளில் ஒரு சொட்டு வைத்து, அடியைத் தண்ணீரில் தொட விட்டு, வண்ணப்பிரிகை செய்து காட்டினார். கருப்பு என்று நாம் நினைப்பது ஊதா, நீலம், மஞ்சள் என்று தனித்தனியாகப் பிரிந்து மேலே ஏறியதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். எல்லாச் சாதாரண கருப்பு மையும் இப்படித் தண்ணீரில் கரையும் சாயங்களின் கலவைதான். மைக்கான பரிசோதனை எங்களுக்கு ஒரு நல்ல பாட வேளையாகவும் ஆகிவிட்டது.

அடுத்தது காகிதம். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உங்களில் பாதிப்பேர் சிவகாசி அச்சகங்களிலும் நோட்டு பைண்டிங்கிலும் வேலை பார்ப்பவர்கள், உங்களுக்கு நான் காகிதம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் மை மோசம் என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் நோட்டுமேல் போக வேண்டிய புகார்கள். ஆலையில் தாள் செய்யும்போது மையை உடனே உறிஞ்சாமல் இருக்க ஒரு பசைப்பொருள் சேர்ப்பார்கள், அது குறைவாக இருந்தால் எந்த மையும் நூல் நூலாக ஊறும், எழுத்து தடிக்கும், பின்பக்கம் தெரியும். எங்களிடம் இருந்த ஒரு மட்டமான நோட்டில் ஆயிரம் ரூபாய் மையும் அப்படியேதான் ஊறியது. கொஞ்சம் நல்ல நோட்டில், அதாவது தடவிப் பார்த்தால் வழுவழுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியாத தாளில், மலிவான மை கோடு கோடாக அழகாக நின்றது. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கூடுதலாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், தடித்த தாளிலும் ஊறுவது உண்டு. கடையிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்து எழுதிப் பாருங்கள். மையில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் பத்து ரூபாயைக் கூடுதலாக நோட்டுக்குப் போடுங்கள், அதுதான் என் கணக்கு. அரசு கொடுத்த விலையில்லா நோட்டுகளை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், மெல்லிய நிப்பு இருந்தால் அதிலும் எழுதலாம், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதினாலும் ஆசிரியர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

காய்வதில் மலிவான மை கொஞ்சம் மெதுவு. பக்கத்தை உடனே புரட்டினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பிள்ளைகளுக்குச் சுண்ணக்கட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறோம், பெரிய சொட்டு விழுந்தால் அதை மேலே வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும், உங்கள் காலத்திலும் இதைச் செய்திருப்பீர்கள். ஆனால் இடது கையால் எழுதும் பிள்ளைகளுக்கு இது உண்மையான சிரமம், கை எழுதியதன் மேலேயே நகர்ந்து போவதால் வரி முழுக்க இழுபடுகிறது. இதற்காகத் தயவுசெய்து யாரும் பிள்ளையின் கையை மாற்றச் சொல்லி அதட்டாதீர்கள். நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி எழுதப் பழக்குகிறோம். மெல்லிய நிப்பு வாங்கிக் கொடுங்கள், மை குறைவாக இறங்கும், சீக்கிரம் காயும். அப்படியும் சரிவரவில்லை என்றால் அந்தப் பிள்ளை பால்பாயிண்ட் பேனாவிலேயே எழுதட்டும், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தண்ணீர் பட்டால் இந்த மை நிற்காது. ஒரு சொட்டு விட்டு எடுத்த இடத்தில் மங்கலான நிழல்தான் மிச்சம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் பாதியை மூடி வைத்த தாளில், வெயில் பட்ட பாதி சில வாரங்களில் பழுப்பாக வெளிறியிருந்தது. ஐப்பசி மழையில் பை நனையும், ஆகவே நோட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனுப்புங்கள். அப்புறம், வங்கிப் படிவம், விண்ணப்பம், பத்திரம், சான்றிதழ் எதையும் பிள்ளையின் பேனாவை வாங்கி நிரப்பாதீர்கள். பள்ளிப் பாடத்துக்கு மட்டும்தான் இந்த மை.

கூட்டத்தில் ஒரு தாத்தா கேட்டார், அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மை தண்ணீரில் கரையாதே, அதையே செய்து பேனாவில் ஊற்றலாமே என்று. நல்ல கேள்வி. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கருத்து, காகிதத்தின் இழையைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் அழியாது. ஆனால் வீட்டில் காய்ச்சிய மையில் கசடு இருக்கும், அது நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் வாய்க்காலை அடைத்துவிடும், அமிலம் எஃகு நிப்பை அரிக்கவும் செய்யும். தொட்டு எழுதும் நிப்பில் எழுதிப் பார்க்கலாம், பேனாவுக்குள் வேண்டாம். இதே காரணத்துக்காகத்தான் படம் வரையும் இந்தியன் இங்க்கும் கூடாது. அதுவும் கருப்புதான், அதே அலமாரியில்தான் இருக்கும், ஆனால் அதில் இருப்பது கரித்தூளும் அரக்கும், ஒரு தடவை உள்ளே காய்ந்தால் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். பாட்டிலில் ஃபவுண்டன் பேனா மை என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மலிவான மை பேனாவைக் கெடுத்துவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. எங்கள் பேனாக்களில் அப்படி எதுவும் ஆகவில்லை. மூடி திறந்து வைத்த பேனா மறுபடி எழுதக் கொஞ்சம் அடம்பிடித்தது, நிப்பை ஈரத்துணியில் ஒற்றியதும் எழுதியது. பேனாவைக் கெடுப்பது கழுவாமல் விடுவதுதான். மாதம் ஒரு தடவை, நீண்ட விடுமுறை வந்தால் அதற்கு முன்பும், கழுத்தைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசி, துணியில் வைத்து உலர்த்தினால் போதும். வெந்நீர் வேண்டாம். மை தீர்ந்துகொண்டே வருகிறதே என்று பாட்டிலில் குழாய்த் தண்ணீரைக் கலக்காதீர்கள், நம் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மையில் சேர்த்திருக்கும் மருந்தும் நீர்த்துப்போகும். இரண்டு கம்பெனி மைகளைக் கலக்கவும் வேண்டாம், சில நேரம் அடியில் திரண்டு நிற்கும்.

பேனா கக்குகிறது என்றால் அதற்கும் மையைக் குறை சொல்லாதீர்கள். ஃபில்லரால் ஊற்றும் பேனாவில் மை பாதிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று கூடிவிடும், கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதி ஆனதும் நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மரையையும் இறுக்கமாகத் திருகச் சொல்லுங்கள். சட்டையில் பட்டால் காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போடுங்கள். வெள்ளைச் சட்டையில் லேசான கறையோடு வரும் பிள்ளையை யாரும் வெளியே நிறுத்த மாட்டார்கள், அது என் பொறுப்பு.

விலை குறைவு என்பதால் தரக்குறைவு என்று பிள்ளைகள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த நாட்டில் மை தயாரித்ததே சாதாரண மனிதர் வாங்கி எழுத வேண்டும் என்றுதான். 1931இல் மும்பையில் தண்டேகர் சகோதரர்கள் மைத்தூள் தயாரிக்கத் தொடங்கியதுதான் பின்னாளில் கேமல் மை ஆனது. 1934இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ராஜ்சாகியில், சுதேசி மை வேண்டும் என்று சுலேகா என்ற மைக் கம்பெனி தொடங்கியது. நமக்குப் பக்கத்துச் சாத்தூரில் வீட்டுக்கு வீடு நிப்பு செய்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும், பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழில் நசிந்துபோனது. அந்த நிப்பும் அந்த மையும் கொண்டு எழுதிப் படித்தவர்கள்தான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள். எந்த வகுப்பிலும் யாருடைய மை என்ன விலை என்ற பேச்சு எழுந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

தேர்வு பற்றிக் கேட்டவர்களுக்கு: பொதுத்தேர்வு வினாத்தாளிலேயே நீலம் அல்லது கருமை நிற மையில் எழுத வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், ஆகவே கருப்பில் பழகுவதில் சிக்கல் இல்லை. வட்டம் கருப்பாக்கும் ஓஎம்ஆர் தாளுக்கு மட்டும் பால்பாயிண்ட், அதை நேரம் வரும்போது தனியாகச் சொல்லித் தருவோம்.

மை பாட்டிலைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். வீட்டில் நிரப்பி, பேனாவை மட்டும் நிப்பு மேலே இருக்கும்படி பையில் வைத்து அனுப்புங்கள். இடையில் தீர்ந்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பாட்டிலும் ஃபில்லரும் வைத்திருக்கிறோம், பரிசோதனையில் க என்று சீட்டு ஒட்டியிருந்த அதே மலிவான மைதான். பேனாவோ மையோ இப்போதைக்கு வாங்க வசதிப்படாதவர்கள் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், விடுமுறை முடிந்து வரும் முதல் நாளே பிள்ளையின் கையில் பேனா இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்