தரங்கம்பாடியிலிருந்து உப்சாலாவுக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீங்கள் மறுபடியும் வாசிக்கத் தொடங்கியதை அறிந்து மகிழ்ந்தேன். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், பூவின் உறுப்புகளை எண்ணிச் செடிகளை வகுப்புகளாகப் பிரித்த வகைப்பாடு அத்தனை விரைவில் எப்படிப் பரவியது என்று கேட்டிருந்தீர்கள். அச்சிட்ட நூல்களுக்கு நிகராகக் கடிதங்களுக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

நம் கரையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்டு கோனிக் 1768இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, இங்கே கண்ட செடிகளை உலர்த்திக் குறிப்புகளோடு ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த தம் ஆசிரியருக்கு அனுப்பினார். கப்பலில் போகும் கடிதத்துக்கு மறுமொழி வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அக்காலத்தில், மகரந்தத்தாள்கள் எத்தனை, அவை தனித்தனியா கற்றைகளா, சூல்தண்டுகள் எத்தனை என்று பார்த்து எழுதினாலே, அச்செடியைக் கண்டிராதவரும் அதன் வகுப்பைச் சொல்லிவிடலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி! கோனிக் அதை மிஷனரிகளான ஜானுக்கும் ராட்லருக்கும் கற்றுக்கொடுத்தார். தமிழ் அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். 1785இல் காக்கிநாடா அருகே கோனிக் இறந்தபோது, அவருடைய கையெழுத்துப் படிகள் லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன.

கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771இல் சூட்டிய 'பெர்கெரா கோனிகியை' என்ற பெயரில் கோனிக் இன்றும் இருக்கிறார். ஆனால் அம்முறையின் குறையைக் காட்டுவதும் அதே கறிவேப்பிலைதான். மகரந்தத்தாள்கள் பத்து என்பதால் அது பத்தாம் வகுப்பில் அமர்ந்தது. எலுமிச்சையோ, தாள்கள் பல கற்றைகளாக இணைந்திருப்பதால், பதினெட்டாம் வகுப்புக்குப் போயிற்று. இரண்டின் இலையையும் கசக்கி முகர்ந்தவர் எவரும் இந்தப் பிரிவினையை ஏற்கமாட்டார். தம் முறை செயற்கையானது என்பதை லின்னேயஸும் அறிந்திருந்தார். பாரிஸில் தாவரவியலாளர் ஜூசியூ 1789இல், பல பண்புகளையும் சேர்த்துப் பார்த்து இயற்கைக் குடும்பங்களை வகுத்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி வைட்டும் ஆர்னாட்டும் 1834இல் எழுதிய நூலும் அவ்வழியையே பின்பற்றியது. லின்னேயஸின் வகுப்புகள் உதிர்ந்தாலும், பேரினமும் சிற்றினமும் சேர்ந்த அவருடைய ஈருறுப்புப் பெயர்கள் நிலைத்துவிட்டன.

கறிவேப்பிலையை நாம் கல்லூரியில் 'முர்ராயா கோனிகியை' என்று படித்தது நினைவிருக்கும். அண்மைய மூலக்கூறு ஆய்வுகளுக்குப் பின் அதை மீண்டும் பெர்கெரா பேரினத்திலேயே பலர் சேர்க்கிறார்கள். பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டு முறையைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்திய உங்களுக்கு இம்மாற்றம் ஏற்புடையதா? விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்