ஓடாவியாருக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

நடந்ததைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. மழையும் வெள்ளமும் அடித்த அந்த இரண்டு இரவுகளும் தம்பலகாமத்திலிருந்து குச்சவெளி வரைக்கும் எல்லாருக்கும் ஒன்றுதான். மரக்குற்றிகளால் கட்டிய எங்கள் குளக்கரை வீடு நிற்கிறது. நேற்றுக் கூரையின் கடைசித் தகரமும் ஏறிவிட்டது. கையில் மரத்தூள் மணம் இன்னும் இருக்கிறது. அது போகுமுன் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் நன்றி கிண்ணியாவிலிருந்து வந்த, மரத்தோணி வேலை செய்யும் தச்சரான ஓடாவியாருக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், யாரும் அழைக்காமலே, சைக்கிளில் ஒரு சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பைக்குள் ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), முனை மழுங்கிய நாலு உளிகள், ஒரு கட்டுப் பருத்தி நூல். தோணிக்குக் கலப்பத்து அடிக்கிற, அதாவது பலகை இடுக்குகளில் நூலைத் திணித்து அடைக்கிற சாமான்கள் அவை. கடற்கரையில் பைபர் படகுகள் வந்த பிறகு அவற்றுக்கு வேலை குறைந்துவிட்டது. குற்றி வீட்டுச் சுவரால் மழை உள்ளே வந்துவிட்டதாம் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக வந்தவர்.

மரக்குற்றிகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிக் கட்டும் வீட்டில், சுவர் முழுக்க இடுக்குத்தான். எங்கள் வீடு 24 அடிக்கு 18 அடி. சுற்றளவு 84 அடி. ஏறத்தாழ 9 அங்குல விட்டமுள்ள தேக்குக் குற்றிகள் 13 வரிசை. குற்றியின் அடிப்பக்கத்தில் வெட்டும் பள்ளமான அடிக்காடி விழுங்குவது போக ஒரு வரிசைக்கு 8 அங்குல உயரம் கிடைக்கும். 13 வரிசைக்கு 12 இடுக்கு. கதவையும் ஜன்னலையும் கழித்துவிட்டாலும் உள்ளும் புறமும் சேர்த்து 1,600 அடிக்கு மேல் அடைக்க வேண்டும். நோர்வேயில் இதற்குப் பாசியைத் திணித்து வந்திருக்கிறார்கள் என்று அங்கேயிருக்கும் மைத்துனர் படம் பிடித்து அனுப்பியிருந்தார். இங்கே கேட்டவர்கள் எல்லாரும் சீமெந்துக் கலவை பூசச் சொன்னார்கள். வடகிழக்குச் சுவரில் அப்படியே பூசியும் இருந்தது.

ஓடாவியார் செய்த முதல் வேலை, அந்தச் சீமெந்தைத் தட்டிப் பார்த்ததுதான். ஒரு தட்டில் முழம் நீளத்துக்குக் கழன்று விழுந்தது. பின்னால் மரம் கறுத்து ஈரமாயிருந்தது. மரம் காய்ந்து சுருங்கும்போது சீமெந்து கூடவே சுருங்காது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு விலகும். காற்று தள்ளுகிற மழை அந்த மயிரிழை வழியாக உள்ளே இறங்கினால் திரும்பி வர வழியில்லை. நன்றாய்ப் பிடித்திருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற இடத்தில்தான் மரம் உளுத்துப்போகும்.

அப்போது அவர் சொன்னது இது: “மகன், தோணி தண்ணியில ஊறி வாயை மூடிக்கொள்ளும். வீடு வெயில்ல காய்ஞ்சு வாயைத் திறக்கும். ரெண்டுக்கும் ஒரே அடி அடிக்கப்படாது.”

மரத்தோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியும் எங்களுக்குப் பிடிபடாத ஒன்றை இந்த மூன்று வசனங்களில் விளங்க வைத்தார். தோணியில் நூலை அடித்து, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி இறுக்குவார்கள். வீட்டுச் சுவரில் குங்கிலியம் வேண்டாம் என்றார். இறுகிப்போகிற எதுவும் சீமெந்தைப் போலத்தான், மரம் அசைந்தால் வெடிக்கும். நூல் மட்டும் போதும், நூல் மரத்தோடு கூடவே போகும் என்றார்.

அவர் காட்டித்தந்த முறையை அப்படியே எழுதுகிறோம். குற்றி வீடு கட்டாதவர்களுக்கும் பலகை வீட்டுக்கும் பழைய கதவு நிலைக்கும் இது உதவும்.

முதலில் இடுக்கைச் சுரண்டித் துடைத்துக் காய விட வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை அடைக்கக் கூடாது; அதற்கு மேலே ஈரத்தைப் பூட்டிவைத்தால் உக்கல் தொடங்கும். கையால் தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, இரண்டு ஊசி உள்ள ஈரமானி வேண்டும். பிறகு நூலைச் சுண்டுவிரல் தடிப்புக்கு முறுக்கி, இடுக்கில் சிறுசிறு மடிப்பாக வைத்து, மழுங்கின உளியால் உள்ளே தள்ள வேண்டும். கூர் உளி நூலை அறுத்துவிடும். கொட்டாப்புளியை ஓங்கத் தேவையில்லை, முழங்கை அசையாமல் மணிக்கட்டால் மட்டும் தட்டினால் போதும். தொடக்கத்தில் சத்தம் சப்பென்று வரும், நூல் நிறைய நிறைய டக் என்று மாறும். அந்த மாற்றம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். நூல் குற்றியின் விளிம்புக்குக் கால் அங்குலம் உள்ளே அடங்கி நிற்க வேண்டும், வெளியே துருத்தினால் மழை அதில் தங்கும்.

இன்னொன்று, இதைத்தான் எல்லாரும் பிழைவிடுவார்கள் என்றார். ஒரு சுவரை முழுதாய் முடித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போகக் கூடாது. அடித்துத் திணிக்கிற நூல் மேலே உள்ள குற்றிகளைக் கொஞ்சம் தூக்கும். ஒரே சுவரில் 12 இடுக்கையும் அடித்து முடித்தால் அந்தப் பக்கம் மட்டும் உயர்ந்து, மூலைப் பொருத்து வாய் பிளந்துவிடும். கீழ் இடுக்கில் தொடங்கி, வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வந்த பிறகுதான் அடுத்த இடுக்கில் கை வைக்க வேண்டும், கோயிலைச் சுற்றுவதுபோல. முதலில் வெளிப்பக்கம், பிறகு உள்பக்கம். ஒரு வருடம் கழித்து மரம் இன்னும் காய்ந்ததும் திரும்பவும் ஒரு சுற்று.

நாலு நாள் எங்களோடு நின்றார். கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிளேன்டீயும் மத்தியானச் சோறும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் வரவில்லை. சாக்குப் பை மட்டும் விறாந்தைத் தூணில் தொங்கியது. உளிகளும் கொட்டாப்புளியும் உள்ளேயே இருந்தன. கொட்டாப்புளியின் பிடியில் அவருடைய விரல்கள் பதிந்து பதிந்து நாலு பள்ளம் விழுந்திருக்கிறது. இப்போது அதைப் பிடிக்கிற யாருடைய விரலும் தானாகவே அந்தப் பள்ளங்களுக்குள் போய் உட்காருகிறது. பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வேலை உள்ள இடத்தில் இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கும் கடன் பட்டிருக்கிறோம். முதல் இரவே படங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்த விளையாட்டுக்கழகப் பிள்ளைகள். சேற்றில் புதைந்த குற்றிகளைச் சங்கிலி போட்டு இழுத்துத் தந்த உழவு இயந்திரக்காரத் தம்பி. அலவாங்கும் ஜெனரேற்றரும் ஈரமானியும் தந்தவர்கள். பத்து நாளாய்க் கஞ்சி காய்ச்சி அனுப்பிய அம்மாமார். அலைந்து திரிந்து விபரம் பதிந்த கிராம அலுவலர். நோர்வேயிலிருந்து நள்ளிரவிலும் தொலைபேசியில் கணக்குப் பார்த்துச் சொன்ன மைத்துனர். எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

லொறி ஜக்குகள் இரண்டைத் தந்த அண்ணனைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூரையைக் காப்பாற்றியது அவைதான். குற்றிச் சுவர் காயக் காயக் கீழே இறங்கும். மரம் குறுக்கே சுருங்குமே தவிர நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு. குளிர் நாட்டில் பச்சைப் பைன் மரத்தில் கட்டினால் எட்டடிச் சுவர் 6 அங்குலம் வரைக்கும் இறங்கலாம். தேக்கு அவ்வளவு சுருங்காது. எட்டரை அடிக்கு 2 அங்குலம் என்று கணக்குப் போட்டு, கதவு ஜன்னல் நிலைகளுக்கு மேலே 3 அங்குலம் இடைவெளி விட்டு, அதைப் பலகையால் மறைத்திருக்கிறோம். இதுவரை ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது. ஆனால் விறாந்தைத் தூண்கள் நிமிர்ந்து நிற்கிற மரங்கள், அவை இறங்காது. சுவர் இறங்கி, தூண் இறங்காவிட்டால் கூரை வெளிப்பக்கம் தூக்கிக்கொள்ளும், காற்று அதற்குள் கை போடும். தூண் அடியில் திருகு வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, சுவர் இறங்கிய அளவுக்குத் தளர்த்தி வர வேண்டும். ஆறு தூணில் இரண்டின் திருகு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அந்த ஜக்குகளால் பாரத்தைத் தாங்கிப் பிடித்துத்தான் புதிய திருகு மாற்றினோம்.

கரையில் இப்படிக் கட்ட நினைக்கிறவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். குளத்து ஒதுக்குக்காணியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வெள்ளம் எந்த மரம் வரைக்கும் வந்தது என்று அவர்களைக் கேட்டு, அதற்கு மேல் இரண்டரை அடி உயரத்தில் கொங்கிறீற் தூண்களை நிறுத்துங்கள். தூணுக்கும் முதல் குற்றிக்கும் நடுவே தார்த்தாளும், நாலு பக்கமும் கீழ்நோக்கி மடித்த தகரமும் கட்டாயம். கறையான் தகரத்தைச் சுற்றி மண்குழாய் கட்டினால் அது கண்ணில் படும், படுவதற்குத்தான் அந்தத் தகரம்.

தேக்கு என்றால் கறையான் தொடாது என்பது மரத்தின் நடுப்பகுதியான வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இளம் தேக்கில் வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைதான் அதிகம், அதைக் கறையானும் தின்னும், வண்டும் துளைக்கும். வெட்டிய உடனே பட்டையை உரித்துவிட்டு, மரம் பச்சையாய் இருக்கும்போதே 10 லீற்றர் சுடுநீரில் 600 கிராம் போராக்ஸும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்துப் பூச வேண்டும். ஈர மரத்தில்தான் அது உள்ளே ஊறிப்போகும். கழிவு எண்ணெயை முதலில் பூசிவிட்டால் இந்த மருந்து இறங்காது. மழை பட்டால் மருந்து கழுவுப்பட்டும் போகும், அதனால் தாழ்வாரம் நாலு அடி நீள வேண்டும். காடியை மேல் குற்றியின் அடிப்பக்கத்தில் மட்டும் வெட்டுங்கள், கீழ் குற்றியின் முதுகில் வெட்டினால் அது தண்ணீர்த் தொட்டி. முதலில் உக்குவது எப்போதும் அடியில் உள்ள இரண்டு வரிசைதான். தாழ்வாரத் தண்ணீர் மண்ணில் விழுந்து தெறித்து அங்கே சேறு அடிக்கும், இரண்டடி அகலத்துக்குச் சல்லி பரப்பினால் தெறிப்பு நிற்கும்.

எங்கள் வீட்டில் இன்னும் உள்பக்க இடுக்குகளில் ஐந்து வரிசை மிச்சம். வடகிழக்கு மூலைக் குற்றிகள் 24 சதவீதத்தில் நிற்கின்றன, அவற்றை இப்போது தொட மாட்டோம். தென்மேற்கிலிருந்து காய்ந்து வீசும் கச்சான் காற்று வரட்டும், ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில், வாடை தொடங்குமுன், வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் தட்டிப் பார்ப்பதென்று குடும்பமாக முடிவெடுத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் இருவரும் இப்போதே சத்தத்தை வைத்து நூல் நிறைந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். மழையில் நனைந்த கதவோ, பலகைச் சுவரோ, கரையில் கிடக்கிற பழைய மரத் தோணியோ வைத்திருப்பவர்கள் வாருங்கள். ஓடாவியாரின் சாக்குப் பை விறாந்தையில் அதே தூணில்தான் தொங்குகிறது. நூலை மட்டும் நீங்கள் கொண்டுவந்தால் போதும்.

நன்றியுடன்,
குளக்கரை வீட்டுக் குடும்பத்தார்
திருகோணமலை