ரேடியேட்டருக்கு நேரம் குறிக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

பாய்லரின் வெந்நீரால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு டைமர் ஹெட், அதாவது குறித்த நேரத்தில் ரேடியேட்டரின் வால்வைத் திறந்து மூடும் மோட்டார் தலை, வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். பெட்டியைப் பிரிக்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளம்மா. அந்த ஹெட் சூட்டை உண்டாக்காது. வருகிற வெந்நீருக்கு வழிவிடும், அல்லது அடைக்கும். பாய்லர் ஓடாத நேரத்தில் அது முழுக்கத் திறந்து நின்றாலும் ரேடியேட்டர் சில்லென்றுதான் கிடக்கும். டைமர் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது பாய்லரின் கடிகாரத்தை.

அதனால் பாய்லரிலிருந்தே தொடங்கு. எந்த அறைக்கு முதலில் சூடு வேண்டும், எந்த அறை கடைசியாக அணையும் என்று பார்த்து, இரண்டு முனையும் உள்ளே அடங்கும்படி பாய்லரின் நேரத்தை வை. காலை 6 மணிக்குப் படுக்கையறையும் இரவு 10:30 வரை கூடமும் சூடாக வேண்டுமென்றால், பாய்லர் 6 மணிக்கு முன்பே எழுந்து 10:30 வரை விழித்திருக்க வேண்டும். இடையில் எந்த அறைக்கு எப்போது என்பதை ஹெட்டுகள் பிரித்துக்கொள்ளும். ரேடியோ வழியாகத் தாமே பாய்லரிடம் சூடு கேட்கும் ஹெட்டுகளும் உண்டு. அவற்றுக்குப் பாய்லர் பக்கத்தில் ஒரு ரிசீவர் வேண்டும். அந்த வயரிங்கில் நீ கை வைக்காதே, தெரிந்தவரைக் கூப்பிடு.

அறைச் சூட்டை அளந்து பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் சுவரில் இருக்கிற அறையின் ரேடியேட்டருக்கு டைமர் ஹெட் போட வேண்டாம். சுவர் 21 டிகிரி கேட்க, ஹெட் 19-லேயே மூடிக்கொண்டால், அந்த அறை 21-ஐ எட்டவே எட்டாது. பாய்லருக்கு நிறுத்தச் சொல்லும் உத்தரவும் வராது. அந்த ரேடியேட்டரை முழுக்கத் திறந்தே விடு. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. எல்லா ஹெட்டும் ஒரே நேரத்தில் மூடினால் பம்பு தள்ளும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. குழாய்களில் இரைச்சல் வரும், பம்பும் பாய்லரும் சிரமப்படும். அப்போது தண்ணீருக்குத் தானே மாற்றுவழி திறந்துவிடும் தானியங்கி பைபாஸ் வால்வு இல்லாத வீட்டில் ஒரு ரேடியேட்டராவது திறந்தே இருக்க வேண்டும்.

இனி மாட்டும் வேலை. பழைய ஹெட்டை 5-க்கு, அதாவது முழுத் திறப்புக்குத் திருப்பிவிட்டு, அடியில் உள்ள வளைய நட்டைக் கழற்று. ஹெட் மட்டும்தான் கையோடு வரும், வால்வு குழாயிலேயே இருக்கும். ஆகையால் தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. பெரும்பாலான வால்வுகளில் மரை 30 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் கொண்டது. டான்ஃபாஸ் போன்ற சில கம்பெனிகளின் வால்வுகளில் மரைக்குப் பதிலாகக் கிளிப் பிடிப்பு இருக்கும், அதற்கு அடாப்டர் வேண்டும்.

ஹெட்டைக் கழற்றியதும் நடுவில் ஒரு சிறிய ஊசி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். மொத்த வேலையும் அந்த ஊசியை நம்பித்தான். தட்டையான ஒரு பொருளால் அதை அழுத்திப் பார். சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டவுடன் தானே வெளியே வர வேண்டும். கோடை முழுக்க மூடியே கிடந்த வால்வில் ஊசி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் ரேடியேட்டர் சூடாகாது, புது ஹெட்தான் கெட்டது என்று நினைத்துவிடுவாய். ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, அழுத்தி அழுத்தி விடு, பக்கவாட்டில் மெல்லத் தட்டு. குறடால் பிடித்து மட்டும் இழுக்காதே. சில வால்வுகளில் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே வெந்நீரும் பீய்ச்சும்.

பேட்டரி போட்டதும் ஹெட்டின் மோட்டார் தன் தண்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அது முழுக்கப் பின்வாங்கிய பிறகே வால்வில் வைத்து நட்டைக் கையால் இறுக்கு. பிறகு அளவுத்திருத்த ஓட்டத்தைத் தொடங்கு: ஊசி எங்கே முட்டுகிறது, வால்வு எங்கே மூடுகிறது என்பதை மோட்டார் அப்போதுதான் கற்றுக்கொள்ளும். இந்த வரிசை மாறினாலோ நட்டு தளர்ந்திருந்தாலோ வால்வு முழுக்க மூடாது, நீ எந்த நேரம் குறித்தாலும் ரேடியேட்டர் சுட்டுக்கொண்டே இருக்கும். பாய்லர் ஓடும்போது உச்சத்தில் வைத்துக் குழாயைத் தொட்டுப் பார். பிறகு மிகக் குறைந்த அளவில் வைத்து, ரேடியேட்டர் ஆறுகிறதா என்று பார். வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஆற நேரமெடுக்கும், அவசரப்படாதே. பேட்டரி அல்கலைனாக இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யும் வகை 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 தான் தரும், சில ஹெட்டுகள் அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும்.

நேரம் குறிக்கும்போது, நீ எழும் நேரத்தைக் குறிக்காதே. அறை சூடேற எடுக்கும் நேரத்தைக் கழித்துக் குறி. ஒரு குளிர்ந்த காலையில் 17-லிருந்து 20 டிகிரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அறைக்கு அறை பார்த்து எழுதிவை. இரவில் 16, 17 டிகிரி போதும். அதற்கும் கீழே இறக்காதே, குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். துணி உலர்த்தும் அறையில் இன்னும் சீக்கிரம். பாய்லருக்குப் பதிலாக, வெளியிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் இருந்தால் ஓரிரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். அது குறைந்த சூட்டுத் தண்ணீரில் ஓடுவது, இழந்ததை மீட்க வெகுநேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு நான்கு மாற்றங்களுக்கு மேல் வைக்காதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மோட்டார் ஓடும், பேட்டரி கரையும், இரவில் அதன் சத்தமும் கேட்கும்.

ஹெட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும். திரைச்சீலையோ சோபாவோ மறைத்தால், அங்கே தேங்கும் சூட்டைப் பார்த்து அறையே சூடாகிவிட்டதாக எண்ணி மூடிக்கொள்ளும். அறை நடுவில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிடு, எத்தனை டிகிரி வித்தியாசமோ அதை ஹெட்டின் திருத்த அமைப்பில் போடு. காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறக்கும்போது ஹெட்டைக் கையால் குறைத்து வை.

வெளியூர் போனால், குழாய்த் தண்ணீர் உறையாமல் காக்கும் பனிப்பாதுகாப்பு நிலை அறையை 5, 6 டிகிரியில் வைத்திருக்கும். பாய்லரை அணைத்துவிட்டுப் போனால் அந்தப் பாதுகாப்பு வெறும் எழுத்துதான்.

ஏதாவது ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே மட்டும் சூடானால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பம்பை நிறுத்தி, காற்றுத் திருகைச் சற்றுத் திற, தண்ணீர் வந்ததும் மூடு. பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பார்; குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் (bar) இருக்க வேண்டும்.

பழைய ஹெட்டைக் கழற்றியதும் வால்வின் கழுத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. அடாப்டர் வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா